ஹைலக்ஸ், வி-கிராஸ் பின்னால் டிராலி மாட்டுபவர்களுக்கு: எந்த டிரான்ஸ்மிஷன் கூலர் வேலூர் வெயிலுக்குத் தாங்கும்?

பொலிரோ பிக்கப், டாடா யோதா வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவை கிளட்ச் மிதித்து கியர் போடும் வண்டிகள். பாரம் இழுத்தால் கிளட்ச் பிளேட் தேயும், ஆயில் கூலர் மாட்டி அதைத் தடுக்க முடியாது. இது ஆட்டோமேட்டிக் கியருள்ள ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப்பில் கொக்கி போட்டு ஜெனரேட்டர் டிராலி, கலவை மிஷின், கம்ப்ரசர் என்று எதையாவது இழுப்பவர்களுக்கு.

கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் இந்தக் கூலரை வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை பெரிசு?" என்பதைத்தான். இந்தப் பக்கத்து ஓட்டத்துக்கு அது இரண்டாவது கேள்வி. நம் வண்டி எந்த வேகத்தில் இழுக்கப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. கடையில் கிடைக்கும் நல்ல கூலர்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. அங்கே கேரவனையோ படகையோ மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள், எதிர்க்காற்று கிரில்லில் வந்து அறையும். இங்கே கலவை மிஷினுக்கு ஸ்பிரிங்கே கிடையாது, இருபது இருபத்தைந்துக்கு மேல் போனால் துள்ளிக் கவிழும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ஜெனரேட்டர் டிராலியோடு கூட்டத்துக்குள் நுழைந்தால் நடக்கிற வேகம்தான், அதுவும் கத்திரி வெயிலில். ஏலகிரி ஏறினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் முதல் கியர், இரண்டாம் கியர். மூன்றிலும் கியர்பாக்ஸ் கொதிக்கும், முன்னால் இருந்து வரும் காற்று மட்டும் இருக்காது.

மெதுவாகப் போனால் ஏன் அதிகம் சூடாகிறது? ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எதிரெதிராக வைத்த இரண்டு ஃபேன் மாதிரி. ஒன்று ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் மற்றதைச் சுற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது நடுவில் வீணாகும் சக்தி முழுக்க ஆயிலில் சூடாக இறங்கும். வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் கவ்விக்கொள்ளும், சூடு சட்டென்று குறையும். கலவை மிஷினை இழுக்கும் வேகத்தில் பெரும்பாலும் லாக்-அப் விழாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். மேட்டில் கன்வெர்ட்டர் வழியாக 50 கிலோவாட் போகிறது, அதில் 10 சதவீதம் நழுவலில் வீண் என்றால் 5 கிலோவாட். அதாவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஐந்தை ஏழெட்டு லிட்டர் ஆயிலுக்குள் முக்கி வைத்த மாதிரி.

அந்த ஆயில் எவ்வளவு தாங்கும்? தொழிலில் பல காலமாகச் சொல்லப்படும் கைக்கணக்கு இது: 80 டிகிரிக்குப் பக்கத்தில் ஓடினால் ஆயிலுக்கு முழு ஆயுள், அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதி. 115 டிகிரியில் வார்னிஷ் படியத் தொடங்கும், 127-ஐத் தாண்டினால் ரப்பர் சீல் இறுகும், 145-க்கு மேல் கிளட்ச் பிளேட் வழுக்கும். டொயோட்டா டபிள்யூ.எஸ். மாதிரி இப்போதைய ஆயில்கள் இந்தப் பழைய அட்டவணையைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனால் சீலுக்கும் பிளேட்டுக்கும் அந்தச் சலுகை இல்லை.

இனி சரக்கு. கூலர் மூன்று வகை.

டியூப் அண்ட் ஃபின்: வளைத்து வளைத்து ஓடும் ஒரே குழாய், மேலே அலுமினியத் தகடு. மூன்றிலும் மலிவு இதுதான். கையில் எடுத்தால் எடையே தெரியாது. குழாயின் நடுவில் ஓடும் ஆயில் சுவரைத் தொடாமலே வெளியே வந்துவிடும், அதனால் அளவுக்கு ஏற்ற குளிர்ச்சி கிடைக்காது. அடைப்பு ஏற்படாது என்பது ஒன்றே இதன் நல்ல குணம். டிராலி இழுக்காத வண்டிக்கு, கூடுதல் பாதுகாப்பு என்று மாட்டினால் தவறில்லை. இழுவைக்கு இதை வாங்குவது காசைக் கரியாக்குவதுதான்.

பிளேட் அண்ட் ஃபின்: தட்டையான பாதைகள், உள்ளே ஆயிலைக் கலக்கிவிடும் தடுப்புகள். ஹேடன் ரேபிட்-கூல் வரிசையில் இந்த வகை கிடைக்கும். அரை டன், முக்கால் டன் டிராலியைச் சமதளத்தில் இழுப்பவர்களுக்குப் போதும். காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போய் வருவதற்கெல்லாம் இதற்கு மேல் தேவையில்லை.

ஸ்டாக்டு பிளேட்: ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகள், இரண்டு பக்கமும் நிமிர்ந்த தொட்டி, ஆயில் ஒரே நேரத்தில் எல்லாத் தட்டுகளிலும் பிரிந்து ஓடும். பி அண்ட் எம் சூப்பர்கூலர், லாங் ட்ரூ-கூல், டிரேலின் மேல்வரிசை எல்லாம் இந்தச் சாதி. மலைக்கும் மெதுவான இழுவைக்கும் இதைத் தவிர வேறு யோசிக்கவே வேண்டாம். அதிலும் ட்ரூ-கூலின் எல்.பி.டி. வகையில் உள்ளேயே ஒரு பைபாஸ் பாதை உண்டு. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தட்டுகளில் முட்டிக்கொண்டு நிற்காமல் நேராகத் திரும்பிவிடும். இது சின்ன விஷயம் இல்லை. கூலரிலிருந்து திரும்பும் ஆயில்தான் பல கியர்பாக்ஸ்களில் உள்ளே இருக்கும் பேரிங்குக்கும் கியருக்கும் மசகு. கூலர் ஆயிலைத் தடுத்தால், குளிர்ச்சி கொடுக்கிற பேரில் உள்ளே பட்டினி போடுகிறது என்று அர்த்தம்.

அளவு பார்க்கும்போது இரண்டு வகை எண் கண்ணில் படும். ஒன்று ஜி.வி.டபிள்யூ., அதாவது மொத்த எடை, பவுண்டு கணக்கில். 10,000 பவுண்டு என்றால் 4,536 கிலோ. வண்டி, அதில் ஏற்றிய சுமை, டிராலி, டிராலியின் சுமை எல்லாம் சேர்த்துக் கூட்டி, வரும் எண்ணுக்கு ஒன்றரை மடங்கு கூலர் எடுங்கள். நம் வெயிலுக்கு அந்த அரை மடங்கு அவசியம், ஏனென்றால் 42 டிகிரி காற்றால் குளிர்விப்பதும் 25 டிகிரி காற்றால் குளிர்விப்பதும் ஒன்றல்ல. இன்னொன்று பி.டி.யு., கூலர் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் சூட்டின் அளவு. மணிக்கு 1,000 பி.டி.யு. என்பது ஏறக்குறைய 293 வாட். பி அண்ட் எம் 70264 என்ற எண்ணுள்ளது 14,400 பி.டி.யு., 70274 என்பது 29,200. காகிதத்தில் பின்னது எட்டரை கிலோவாட். நம் 5 கிலோவாட் கணக்குக்கு அது ஏகப்பட்டது என்று தோன்றும். ஆனால் அந்த எண் கம்பெனி சோதித்த காற்றோட்டத்துக்கு, கம்பெனி சோதித்த வெப்ப வித்தியாசத்துக்கு. ஒரு கம்பெனியின் பி.டி.யு.வை இன்னொரு கம்பெனியின் பி.டி.யு.வோடு ஒப்பிட்டு வாங்குவது வீண் வேலை. ஹைலக்ஸ், வி-கிராஸ் அளவுக்கு அந்த 29,200 வகுப்பு ஸ்டாக்டு பிளேட் ஒன்று சரியாக இருக்கும். அதைவிடப் பெரியதை வாங்கினால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கன்டென்சரை மறைக்கும், பள்ளிகொண்டா டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது ஏசி வெறும் காற்றை ஊதும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

கிரில்லுக்குப் பின்னால், கன்டென்சருக்கு முன்னால் மாட்டுவது வழக்கம். அங்கேயும் எந்த மூலை என்று பார்க்க வேண்டும். பம்பருக்குப் பின்னால் ஓரமாக, காற்று வெளியேற வழியில்லாத பொந்தில் மாட்டினால் ஓடும்போது கொஞ்சம் வேலை செய்யும், நின்றால் செத்துவிடும். எஞ்சின் ஃபேன் இழுக்கும் வட்டத்துக்கு நேரே கூலர் இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி நின்றாலும் ஃபேன் கூலர் வழியாகக் காற்றை உறிஞ்சும். ஒரு தாளைக் கிரில்லின் மேல் வைத்து எஞ்சினை சூடாக ஐடிலில் விடுங்கள், எங்கே தாள் ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ அதுதான் இடம். கன்டென்சருக்கும் கூலருக்கும் நடுவே 10 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

கூலரோடு பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கம்பிகளைத் தூக்கிப் போடுங்கள். அவற்றைக் கன்டென்சரின் ஃபின் வழியே குத்தி மறுபக்கம் பூட்டச் சொல்லியிருக்கும். நம் ரோட்டின் குலுக்கலில் ஆறு மாதத்தில் அந்தக் கம்பி கன்டென்சர் குழாயை அறுத்து ஏசி கேஸ் போய்விடும். 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். பட்டையில் இரண்டு பிராக்கெட் வளைத்து, ரப்பர் புஷ் வைத்து ரேடியேட்டர் சப்போர்ட்டில் போல்ட் போடுவதுதான் ஒழுங்கு. ஆயில் நுழையும் வெளியேறும் வாய்கள் மேலே பார்த்தோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழே பார்த்து இருந்தால் மேல் தட்டுகளில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்தத் தட்டுகள் அழகுக்குத்தான்.

மாதத்தில் பாதி நாள் இருபது வேகத்தில்தான் ஓட்டம் என்றால் தனி ஃபேனோடு வரும் கூலரை எடுங்கள். டிரேல், பி அண்ட் எம் இரண்டிலும் உண்டு. இதை சேசிஸ் ஓரமாக, சுமை ஏற்றும் தொட்டிக்கு அடியில் கூட மாட்டலாம். ஃபேனுக்கு ரிலே, 15 ஆம்ப் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர், ஆயில் நுழையும் பக்கம் 80 டிகிரியில் ஆன் ஆகும் ஸ்விட்ச். மெயின் சப்ளை பேட்டரியிலிருந்து, ரிலே டிரிகர் மட்டும் இக்னிஷனிலிருந்து. அடியில் மாட்டும்போது ஒன்றை மறக்கக்கூடாது: பி.எஸ். 6 டீசல் வண்டியில் டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி வரை போகும். கூலரும் ஹோஸும் அதிலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும். மெதுவாக ஓடும் வண்டியில் இந்தச் சுத்தம் அடிக்கடி நடக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இணைக்கும் வரிசை: கியர்பாக்ஸிலிருந்து சூடாக வரும் ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கம்பெனிக் கூலருக்குப் போகட்டும், அங்கிருந்து புதிய கூலருக்கு, பிறகு கியர்பாக்ஸுக்கு. தண்ணீர் சூட்டை வாங்கும் அளவுக்குக் காற்று வாங்காது, அதனால் பெரிய சூட்டை ரேடியேட்டர் எடுக்கட்டும், மிச்சத்தைக் காற்று எடுக்கட்டும். மாற்றி இணைத்தால், கஷ்டப்பட்டுக் குளிர்ந்த ஆயிலை 90 டிகிரி தண்ணீரில் மறுபடி சூடாக்கி அனுப்புகிறோம். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் மேலேயே தெர்மோஸ்டாட்டோடு, குளிர்ந்த ஆயிலைச் சூடேற்றும் ஒரு வார்மர் இருக்கும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

ரேடியேட்டர் கூலரை முழுக்க விட்டுவிட்டு வெறும் காற்றுக் கூலர் மட்டும் வைக்கலாம் என்று சொல்கிற மெக்கானிக்குகள் உண்டு. அவர்கள் பயப்படுவது நியாயமான ஒன்றுக்குத்தான். ரேடியேட்டருக்குள் அந்தக் கூலர் ஓட்டையானால் கூலன்ட்டும் ஆயிலும் கலக்கும். மூடியைத் திறந்தால் ரோஸ் மில்க் மாதிரி இருக்கும். கூலன்ட் கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும், அதற்குப் பிறகு கியர்பாக்ஸைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் இருபது வேக ஓட்டத்தில் தண்ணீர்க் கூலரை விடுவது இருக்கிற ஒரே துணையையும் துரத்துவது. பழைய ரேடியேட்டர் என்று சந்தேகம் வந்தால் ரேடியேட்டரை மாற்றுங்கள்.

அடுத்தது மரை. இந்த ஊரில் கூலர் ஒழுகுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. அமெரிக்கக் கூலரின் வாய் பெரும்பாலும் அரை இஞ்ச் என்.பி.டி. என்ற அமெரிக்க மரை. நம் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளில் கை நீட்டினால் வருவது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை. அரை இஞ்சில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், அதனால் அழகாக ஏறும், இறுகுவது போலவும் தெரியும். ஆனால் ஒன்றின் கோணம் 60 டிகிரி, மற்றது 55. எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் சூடேறியதும் கசியும், இன்னும் இறுக்கினால் அலுமினிய வாய் வெடிக்கும். ஃபிட்டிங்கைக் கூலரோடு சேர்த்தே வாங்குங்கள், இல்லையென்றால் கடையில் "என்.பி.டி. வேண்டும்" என்று சொல்லி, மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இறுக்கும்போது கூலர் பக்கத்து நட்டில் ஒரு ஸ்பேனர், ஃபிட்டிங்கில் ஒரு ஸ்பேனர். ஒற்றைக் கையால் முறுக்கினால் தொட்டியின் வெல்டிங் போகும்.

ஹோஸ்: எஸ்.ஏ.இ. ஜே1532 (கியர்பாக்ஸ் ஆயில் கூலர் ஹோஸுக்கான தரக்குறி) என்று மேலே அச்சடித்திருப்பது மட்டும். டீசல் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இந்தச் சூட்டில் ஒரு வருடத்தில் மரக்கட்டையாகி வாயோரம் வெடிக்கும். குழாய் வெளி அளவு 8 மி.மீ. என்றால் 5/16 ஹோஸ், 9.5 என்றால் 3/8. இரண்டரை மீட்டர் வாங்கினால் போதும். ஹோஸ் குழாயின் மேல் குறைந்தது 25 மி.மீ. ஏற வேண்டும். இரும்புக் குழாயை டியூப் கட்டரால் வெட்டுங்கள், ஆக்ஸா பிளேடு வைத்தால் தூள் உள்ளே போகும். வெட்டிய முனையில் ஒரு புடைப்பு எடுக்காமல் ஹோஸ் மாட்டினால் என்றாவது ஒரு நாள் கழன்று வரும். ஐடிலிலேயே இந்தக் குழாயில் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வரை ஓடும். ஹோஸ் கழன்றதை ஓட்டுநர் கவனிப்பதற்குள் சம்ப் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) காலியாகிவிடும். கிளாம்ப் உருளை விளிம்புள்ள ஃபியூயல் இன்ஜெக்ஷன் வகை. வரி வரியாக வெட்டிய சாதாரணக் கிளாம்ப் ஹோஸைக் கடித்துவிடும்.

மாட்டி முடித்ததும் திரும்பும் குழாயைக் கழற்றி, ஒரு வாளியில் விட்டு, எஞ்சினைச் சரியாக 20 விநாடி ஐடிலில் ஓட்டுங்கள். ஒரு லிட்டர் அளவுக்கு வந்தால் ஓட்டம் சரி. அரை லிட்டர்தான் வருகிறது என்றால் ஹோஸ் எங்கேயோ மடிந்திருக்கிறது, அல்லது கூலர் அடைப்பு. 20 விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள். தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் ஆயில் சூடான பிறகுதான் இந்தச் சோதனை செல்லும். வாளிக்கு வந்த ஆயில், கூலரும் ஹோஸும் குடிக்கும் அரை லிட்டர் சொச்சம், இரண்டையும் கூட்டி அதே கிரேடு புது ஆயிலை ஊற்றுங்கள். ஹைலக்ஸ் மாதிரி டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் ஓவர்ஃப்ளோ பிளக் வழியாகத்தான் அளவு பார்க்க வேண்டும்: வண்டி சமதளத்தில், எஞ்சின் ஐடிலில், எல்லா கியரையும் ஒரு முறை போட்டு எடுத்து, ஆயில் சூடு மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருக்கும்போது பிளக்கைத் திறந்தால் நூல் மாதிரி வழிய வேண்டும். கொட்டினால் அதிகம், வராவிட்டால் குறைவு. கொதிக்கும் ஆயிலில் பார்த்தால் விரிவால் அதிகம்போலக் காட்டி ஏமாற்றும்.

திரும்பும் குழாயில் காந்தம் வைத்த மேக்னிஃபைன் மாதிரி ஒரு இன்லைன் ஃபில்டர் போட்டால் நல்லது, அதில் அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய கூலர் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து, ஏன் கழற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. எரிந்த கியர்பாக்ஸின் கிளட்ச் தூள் ஸ்டாக்டு பிளேட்டுக்குள் புகுந்தால் எந்த ஃப்ளஷ்ஷாலும் முழுக்க வெளியே வராது. அதே காரணத்துக்காக, கியர்பாக்ஸ் வேலை பார்த்த வண்டியில் பழைய கூலரை மறுபடி மாட்டக்கூடாது. காரின் பழைய ஏசி கன்டென்சரை ஆயில் கூலராக மாற்றித் தரும் கைவேலையும் நடக்கிறது. கன்டென்சரின் துளைகள் கேஸுக்கு ஆனவை, ஆயிலுக்கு இல்லை. அழுத்தம் ஏறும், உள்ளே மசகு குறையும்.

கூலர் மாட்டியாயிற்று என்று அதிகப் பாரம் ஏற்றாதீர்கள். ஓனர்ஸ் மேனுவலில் உள்ள இழுவை எல்லை பிரேக், சேசிஸ், கொக்கி எல்லாவற்றையும் சேர்த்தது. கூலர் அதை ஒரு கிலோகூட உயர்த்தாது.

ஓட்டும்போது ஆயில் சூட்டைப் பார்க்க வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைச் செருகி மொபைலில் பாருங்கள், இல்லையென்றால் ரேடியேட்டருக்குப் போகும் சூடான குழாயில் தனி கேஜ். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது. கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் ஆயில் மேட்டில் சம்ப்பைவிட இருபது முப்பது டிகிரி அதிகமாக இருக்கும். சம்ப் 100-க்குள் இருந்தால் கவலை இல்லை. 110 என்றால் மேனுவல் மோடில் ஒரு கியர் இறக்கி, லாக்-அப் விழும் வேகத்தைப் பிடியுங்கள். 120 என்றால் ஓரம் கட்டி, பார்க்கிங்கில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் 1,200 ஆர்.பி.எம். அளவில் ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். அணைத்தால் பம்ப் நின்றுவிடும், சூடு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

முதல் 500 கிலோமீட்டரில் எல்லாக் கிளாம்பையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஹோஸ் முனையில் பாலாற்று மணல் ஒட்டிக் கறுப்புச் சேறாக ஒரு வளையம் தெரிந்தால் அங்கே கசிகிறது. துடைத்துவிட்டு அடுத்த நாள் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். வைக்கோல் ஏற்றும் மாதங்களில் ஃபின்களுக்கு நடுவே தூசி அடையும். வாட்டர் சர்வீஸில் அந்தத் துப்பாக்கியைக் கூலரின் பக்கம் காட்டாதீர்கள், ஃபின் படுத்துவிடும். தோட்டத்து ஹோஸால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாக ஊற்றினால், வந்த வழியிலேயே தூசி திரும்பிப் போகும்.